வற்றிய கிணற்றுக்குக் கட்டம் கிடையாது

மத்தியானம் மழை பெய்ததா என்று அந்த அக்காவிடம் கேட்டால் ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் வராது.

"தகரத்து மேல சத்தம் கேட்டுச்சுங்க தம்பி. நான் உள்ள மாவு ஆட்டிக்கிட்டிருந்தேன். வெளிய வந்து பாத்தப்ப வாசல் நனைஞ்சிருந்துச்சு."

"அப்ப மழைதானுங்களே அக்கா?"

"இருக்கும். பெய்யறத நான் பாக்கலீங்க."

இப்படிப்பட்ட மனுஷியோடு பேச உட்கார்ந்தால் சாதாரண மனிதனுக்குப் பத்து நிமிடத்தில் தலைவலி வரும். எனக்கு ஐந்து நிமிடத்தில் வந்தது. நான் சாதாரணத்துக்கும் கொஞ்சம் கீழே.

அப்போது நான் சேலத்தில், நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் அலுவலகம் ஒன்றில் ஒப்பந்தத் தட்டச்சராக இருந்தேன். சேலம், நாமக்கல் இரண்டு பக்கமும் சில கிணறுகளைக் குறித்து வைத்திருப்பார்கள். மாதம் ஒருமுறை அவற்றில் தண்ணீர் எத்தனை ஆழத்தில் கிடக்கிறது என்று அளக்க வேண்டும். அந்த அளவுகளை வருடக்கணக்கில் அடுக்கிப் பார்த்தால் பூமிக்கடியில் என்ன நடக்கிறது என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியும். நல்ல யோசனை. யோசனை நல்லதாக இருந்ததால்தான் என் கோபம் இத்தனை வருடம் கெடாமல் இருக்கிறது. மோசமான யோசனை கெட்டுப்போனால் யாருக்கு என்ன?

அளப்பவர்கள் வெயிலில் இருந்தார்கள். தட்டச்சு செய்பவன் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தான். முப்பத்தெட்டு வயதிலும் சீக்கிரமே எழுத்தாளன் ஆகிவிடுவேன் என்ற நம்பிக்கையில், மேஜை டிராயரில் ரஷ்ய நாவல்களை வைத்துப் படித்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது நாட்டின் நீர்வளத்தையும் கவனித்துக்கொண்டிருந்தேன். அக்கா ராசிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். அவர் பொறுப்பில் பதினான்கு கிணறுகள்.

ஒருமுறை அவரோடு போய், அவர் அளப்பதைப் பார்த்தேன். இரும்பு நாடாவின் முதல் ஒரு மீட்டருக்குச் சாக்பீஸை நன்றாகத் தேய்ப்பார். கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு இருக்கும். அதில் நாடாவை வைத்து மெல்ல இறக்குவார். மேலே இழுத்தால் தண்ணீரில் முங்கிய இடம் வரை சாக்பீஸ் கரைந்திருக்கும். அந்த விளிம்பைப் படித்து, கழித்து, அலுவலகம் தந்த அளவு அட்டையில் எழுதாமல் உள்ளங்கையில் எழுதுவார். நாடாவைத் துடைத்து, மறுபடி சாக்பீஸ் தேய்த்து, மறுபடி இறக்குவார். இரண்டும் ஒத்துவந்தால்தான் உள்ளங்கையில் இருப்பது அட்டைக்குப் போகும்.

அன்று காலையில் மோட்டார் ஓடியிருந்தது, நான் செத்தேன். ஓடின கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கும். ஊறி நிலைக்கு வந்த பிறகுதான் அளக்க வேண்டும் என்பது விதி. விதி எல்லோருக்கும் தெரியும். அதை நம்பியவர் மாவட்டத்திலேயே அக்கா ஒருவர்தான். மரவள்ளிக் காட்டு வரப்பில் மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டார். பசி வேறு.

"அக்கா, போன மாசம் எவ்வளவு? அதோட ஒரு இருவது சென்டிமீட்டரக் கூட்டி எழுதிட்டுப் போலாமுங்களே?"

அவர் என்னைத் திட்டவில்லை. "உங்களுக்குக் காய்ச்சலுன்னா டாக்டரு போன மாசத்துக் காய்ச்சலப் பாத்து மாத்திரை குடுத்தா உழுங்குவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கூட்டி எழுதுவது நான் கண்டுபிடித்த வித்தை அல்ல. அதற்கு எங்கள் அலுவலகத்தில் 'டீக்கடை அளவு' என்று பெயரே இருந்தது. அளக்கப் போகிறவர் கிணற்றுக்குப் போகும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்து, போன மாத அட்டையைப் பார்த்து, வெயில் காலமென்றால் கொஞ்சம் கூட்டி, மழைக்காலமென்றால் கொஞ்சம் கழித்து எழுதிவிட்டுத் திரும்புவார். இந்த முறையில் பூமியை அளந்தால் ஒரு வசதி: பூமி ஒருபோதும் யாரையும் திடுக்கிட வைக்காது.

அக்காவின் அட்டை ஒன்றில் ஒரு மாதம் ஒரு கிணற்றின் கட்டம் காலியாக வந்தது. கணினி காலிக் கட்டத்தை ஏற்றுக்கொள்ளாமல் கத்தியது. நானும் டீக்கடைக்குப் போகாமலே டீக்கடை அளவைப் போட்டேன்: பதினொன்று புள்ளி நான்கு. அடுத்த மாதம் அக்கா வந்து என் திரையை எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கெணத்துக்கு நான் போகவே இல்லீங்களே. தோட்டத்துக்காரரு கேட்டப் பூட்டிட்டு நாய அவுத்து உட்டுட்டுப் போயிட்டாரு. நீங்க எப்பிடிப் போனீங்க?"

"நான் போகலீங்க அக்கா."

"நாய் கடிக்கலீங்களா?"

பக்கத்து மேஜையில் இருந்தவர் சிரித்ததில் டீ சிந்தியது. அக்கா சிரிக்கவில்லை. நான் அந்த எண்ணை அழிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

அவரைப் பற்றி அலுவலகத்தில் நல்லவிதமாகப் பேசியவர்கள் குறைவு. 'இதென்ன, இது அளந்தால்தான் பூமி சுத்துமா?' என்பார்கள். சொந்தக்காரர்களுக்கும் அவரால் தொல்லைதான். பக்கத்து வீட்டுக்காரர் வயதுச் சான்றுக்காகச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டதற்கு, "நீங்க பொறந்தப்ப நான் பாக்கலீங்களே மாமா" என்றாராம். அந்த மாமா அவருக்கு இருபது வயது மூத்தவர். இப்படி இருந்தால் எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்?

அட்டையின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அக்கா அதில் எறும்பு ஊர்வது மாதிரி எழுதி நிரப்பியிருப்பார். நான் அதைத் தட்டச்சு செய்ததே இல்லை. கணினியில் அதற்கு இடம் இல்லை. ஒருமுறை கோழித் தீவன லாரி ஒன்று பின்னால் எடுத்தபோது மோதி, ஒரு கிணற்றின் கைப்பிடிச் சுவர் மொத்தமாக விழுந்துவிட்டது. சுவர் ஒரு மீட்டர் உயரம். அதுவரை சுவர் மேலிருந்து அளந்து, அந்த ஒரு மீட்டரைக் கழித்துத் தரையிலிருந்து ஆழம் கண்டார்கள். இப்போது அக்கா தரையிலிருந்தே அளந்து, 'சுவர் விழுந்துவிட்டது, கழிக்க வேண்டாம்' என்று குறிப்பில் எழுதியிருந்தார். கணினி பாட்டுக்குக் கழித்தது. ஒரு பொட்டு மழை இல்லாமல் ராசிபுரம் பக்கம் நிலத்தடி நீர் ஒரே மாதத்தில் ஒரு மீட்டர் உயர்ந்தது.

எங்கள் அதிகாரி, பக்கத்தில் கட்டிய தடுப்பணைதான் காரணம் என்று அறிக்கை எழுதி, வண்ணப்படத்துடன் மேலே அனுப்பிவிட்டார். லாரி டிரைவருக்குப் பாராட்டுப் பத்திரம் போயிருக்க வேண்டியது. அக்கா வந்து சொன்ன பிறகு எண்ணைத் திருத்தினோம். அறிக்கையைத் திருத்தவில்லை. போன அறிக்கை போனதுதான்.

இதெல்லாம் சிரிக்கக்கூடிய விஷயங்கள். நானும் சிரித்தேன். அடுத்து வந்த வருடம்தான் சிரிப்பு நின்றது.

அந்த வருடம் மழை பொய்த்தது. அக்காவின் பதினான்கு கிணறுகளில் ஐந்து ஒன்றன்பின் ஒன்றாக வற்றின. ஐந்தும் மேட்டு நிலத்தில் இருந்த கிணறுகள். தண்ணீர் எப்போதுமே ஆழத்தில் கிடந்தவை. அக்கா அட்டையில் எண்ணுக்குப் பதிலாக 'வற்றியது' என்று எழுதி அனுப்பினார். எண் கட்டத்தில் எழுத்து ஏறாது. 'வற்றியது' என்பதற்குத் தனிக் கட்டமும் கிடையாது. அதனால் அந்த ஐந்தையும் நீக்கிவிட்டு மிச்சம் ஒன்பதுக்கு மட்டும் கணினி சராசரி போட்டது. ஆழமான ஐந்தும் கழன்றுவிட்டதால் சராசரி மேலே வந்தது. அதாவது, கிணறுகள் வற்றியதால் நீர்மட்டம் உயர்ந்துவிட்டது.

புரியாதவர்களுக்கு இப்படிச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் செத்தவர்களைக் கணக்கில் விட்டுவிட்டு, இருப்பவர்களின் காய்ச்சலைச் சராசரி எடுங்கள். ஆள் சாகச் சாக ஆஸ்பத்திரி முன்னேறும். எல்லோரும் செத்துவிட்டால் காய்ச்சலே இல்லை. இதை நான் நகைச்சுவைக்காக எழுதவில்லை. என் கையால் தட்டச்சு செய்தேன்.

அந்தச் சராசரியை வைத்துத்தான் வரைபடத்தில் வண்ணம் அடிப்பார்கள். தண்ணீரை அளவுக்கு மேல் உறிஞ்சிவிட்ட பகுதி சிவப்பு. அங்கே புதிய ஆழ்துளைக் கிணறு போடக் கம்பெனிகளுக்கு அனுமதி இல்லை. அக்காவின் ஊர் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்தது. வந்த கையோடு ஒரு கேன் தண்ணீர்க் கம்பெனி விண்ணப்பம் போட்டது. அவர்கள் கேட்ட இடம் ஊர்க் குடிநீர் போர்வெல்லிலிருந்து கூப்பிடு தூரம். இவர்கள் ஆயிரம் அடிக்கு இறங்கினால், முந்நூறு அடியில் இருக்கும் ஊர்க்குழாயில் காற்றுதான் வரும். மிச்சமிருந்த குடிதண்ணீர் அது ஒன்றுதான்.

அக்கா அன்று என் மேஜைக்கு வந்தபோது செருப்பில் ஒட்டிய புழுதியைக்கூடத் தட்டவில்லை.

"தம்பி, தண்ணி ஏறிப்போச்சுன்னு ஆருங்க சொன்னது?"

விளக்கினேன். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. வாழ்க்கையில் ஒரு நல்லது செய்வோம் என்று தோன்றியது. குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஒண்ணு பண்றனுங்க. வத்துன அஞ்சுல முதல் கிணறு இருபத்திரண்டு மீட்டர் ஆழம். வத்தினதுன்னா தண்ணி அதுக்கும் கீழ. இருபத்திரண்டுன்னு போட்டுடறேன். அஞ்சுக்கும் அப்படியே அடி ஆழத்தைப் போட்டா சராசரி தொப்புன்னு விழுந்துரும். உங்க ஊரு மறுபடி சிவப்பு. கம்பெனி வராது" என்றேன்.

"இருபத்திரண்டுல தண்ணி இருந்துச்சுங்களா?"

"அதுக்கும் கீழ இருக்கும்."

"எத்தன கீழ?"

"தெரியாதுங்க."

"நானும் பாக்கல, உங்களுக்கும் தெரியாது. அப்பறம் இருபத்திரண்டு எங்கிருந்து வந்துச்சு?"

"உங்க ஊருக்காகத்தானுங்க அக்கா சொல்றேன்!"

"எங்கூருக்காக இன்னைக்கு நீங்க பொய் எழுதுனா, நாளைக்கி கம்பெனிக்காக எழுதறவன நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது?" அக்காவின் குரல் அலுவலகம் முழுவதும் கேட்டது. "நான் வத்திப்போச்சுன்னு எழுதுனேன். அத மட்டும் போடுங்க. பதினாலு கெணத்துல அஞ்சு வத்திப்போச்சு, மிச்சம் ஒம்பதுக்குத்தான் இந்தக் கணக்குன்னு ஒரு வரி. அதுக்கு எடமில்லைங்கறீங்க, பொய்க்கு மட்டும் எடமிருக்குதுங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. கம்பெனி மீது அல்ல, அவர் மீது. நல்லது செய்ய வந்தவனை நாலு பேர் முன்னால் இப்படியா பேசுவது? அந்தக் கோபத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது.

சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தார். கெட்டவர் அல்ல. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், சுத்தமான சட்டை, சுத்தமான மேஜை. வரைபடத்தில் சிவப்பு குறைந்தால் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

"ஏம்மா, நீ அந்த ஊர்தானே? அப்ப உனக்குச் சொந்த விஷயம் இருக்கு. உன் அளவையே நான் சந்தேகப்படலாம், தெரியுமா?"

"தாராளமா வந்து பாருங்க சார். வத்துன கெணறு ஆறு மாசமா அங்கயேதான் இருக்குது. நாடா நான் தர்றேன்."

அவர் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த ஊரில் விளக்கக் கூட்டம் நடந்தது. பஞ்சாயத்து அலுவலகத்தை ஒட்டிப் பந்தல் போட்டு, நாமக்கல்லிலிருந்து நாற்காலிகள் வரவழைத்திருந்தார்கள். கம்பெனி செலவில் எல்லோருக்கும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். நான் மடிக்கணினியோடு மேடை ஓரத்தில். அதிகாரி திரையில் கோட்டைக் காட்டி, "பாருங்க, உங்க பகுதியில நீர்மட்டம் உயர்ந்திருக்கு" என்றார். கூட்டம் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தது.

அக்கா எழுந்தார். "போன வருசம் எத்தன கெணத்துக்குச் சராசரி போட்டீங்க, இந்த வருசம் எத்தன கெணத்துக்குங்க சார்?"

"அது டெக்னிக்கல் விஷயம்மா."

"தம்பி, நீங்கதான அடிச்சீங்க. நீங்க சொல்லுங்க."

பந்தலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே ஒரு சொல்தான் தேவை: ஒன்பது. நான் படித்த நாவல்களில் இந்த இடத்தில் ஒருவன் எழுந்து நின்று பேசுவான். நான் குனிந்து மேஜைக்கடியில் சார்ஜர் ஒயரைத் தேடினேன். ஒயர் சரியாகத்தான் சொருகியிருந்தது.

அக்கா கூட்டத்தின் பக்கம் திரும்பி, "அட்டைக் கெணறு வத்துனவிங்க மட்டும் எந்திரிங்க சாமி" என்றார்.

ஐந்து பேர் எழுந்தார்கள். கோழிப்பண்ணை வைத்திருந்த ஒரு அம்மா, மரவள்ளி போட்டிருந்த அண்ணன் தம்பி இருவர், மேச்சேரி ஆடுகளை மொத்தமாக விற்றுவிட்ட ஒரு பெரியவர், லாரி ஓட்டும் மகனோடு போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த இன்னொருவர்.

"சரி சரி, உக்காருங்க" என்றார் அதிகாரி. "அந்தக் கிணறெல்லாம் சராசரியில வராது."

ஆட்டுக்காரப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சராசரில எடமில்லாதவனுக்குச் சேர்ல எதுக்குங்க எடம்? நாங்க நின்னுக்கறோம். நீங்க நடத்துங்க."

கூட்டம் முடிகிறவரை அவர்கள் உட்காரவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

மறுநாள் அதிகாரி கூட்டக் குறிப்பைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். 'நீர்மட்ட விவரங்கள் விளக்கப்பட்டன. ஆட்சேபணை ஏதும் தெரிவிக்கப்படவில்லை.' யோசித்தால் உண்மைதான். யாரும் ஆட்சேபணை என்ற சொல்லைச் சொல்லவில்லை. அவர் டீ குடிக்கப் போனபோது நான் ஒரு வரி சேர்த்தேன்: 'ஐந்து பேர் கூட்டம் முடியும்வரை நின்றுகொண்டிருந்தனர்.' வீரம் ஒன்றும் இல்லை. சார்ஜர் ஒயர் தேடிய பாவத்துக்கு ஒரு சின்னப் பரிகாரம். எண் இல்லாத வரிகளை அவர் படிப்பதில்லை என்பதும் தெரியும். கையெழுத்துப் போட்டார், போய்விட்டது.

மூன்று வாரத்தில் சென்னையிலிருந்து கம்பெனி விண்ணப்பக் கோப்பு திரும்பி வந்தது. மேலே ஒரு கேள்வி: 'கூட்டத்தில் ஐந்து நபர்கள் நின்றுகொண்டிருந்ததாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. பொதுமக்களுக்குப் போதிய இருக்கை வசதி செய்து தரப்படாததற்கு விளக்கம் அளிக்கவும். அதுவரை மேல்நடவடிக்கை நிறுத்திவைக்கப்படுகிறது.'

ஐந்து கிணறு வற்றியதற்கு அசையாத அரசாங்கம் ஐந்து நாற்காலிக்கு அசைந்தது. சிரிப்பதா அழுவதா என்று கேட்பார்கள். நான் இரண்டும் செய்யவில்லை. எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது.

அந்தக் கோப்பு பிறகு விளக்கத்துக்கு விளக்கம் என்று மேலும் கீழுமாக ஒன்றரை வருடம் நடந்தது. கம்பெனி பொறுமை இழந்து வேறு இடம் பார்த்துக்கொண்டது. எந்த இடமோ, அங்கே எத்தனை கிணறுகள் கணக்கிலிருந்து கழன்றனவோ தெரியாது. ஊர்க்குழாயில் தண்ணீர் இன்னும் வருகிறது என்று போன மாதம் ராசிபுரம் போனபோது பார்த்தேன். அடுத்த ஏப்ரலில் எனக்கும் அக்காவுக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வற்றிய ஐந்துக்குப் பதிலாகத் தண்ணீர் இருக்கும் ஐந்து கிணறுகளைத் தேர்வு செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. அப்படியே செய்தார்கள்.

சென்னைக் கேள்வி வந்த அன்று அதிகாரி என்னிடம், "நாற்காலி பத்தலைன்னு போட்டு வருத்தம் தெரிவிச்சிடு. சின்ன விஷயம்" என்று சொல்லிவிட்டுக் கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். அக்கா அன்று அட்டைகளோடு வந்திருந்தார். பந்தலுக்குப் பிறகு அவர் என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர எதுவும் பேசுவதில்லை. அட்டைகளை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பியவரை, "அக்கா, இதை ஒரு தடவை பாருங்க" என்று கூப்பிட்டேன்.

நான் எழுதியிருந்தது ஒரே வரி: 'கூட்டத்தில் ஐந்து நாற்காலிகள் காலியாக இருந்தன.'

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"அஞ்சுதானுங்களா?"

"அஞ்சு பேர் எந்திரிச்சாங்க. அப்ப அஞ்சு சேரு காலியாத்தான இருக்கோணும்?"

"பின்னால வேற சேரு காலியா கெடந்துச்சான்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஒயர் தேடிக்கொண்டிருந்தேன்.

"அப்ப அஞ்ச எடுத்துருங்க" என்றார்.

எடுத்தேன். 'கூட்டத்தில் நாற்காலிகள் காலியாக இருந்தன' என்று மட்டும் இருந்தது. அவர் அதை இன்னொரு முறை படித்துவிட்டு, எதிரில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது நீங்க பாத்ததுதானுங்க தம்பி. அடிங்க."